வளாகம் திடீரென மூடினால்: எதை விடுவது, எதைக் காப்பது

வெள்ளமோ தொற்றோ போரோ, பல்கலைக்கழக வளாகம் மூடியதும் பல துறைகள் வகுப்பு அட்டவணையை அப்படியே இணையத்துக்கு மாற்றிவிடுகின்றன. அது இரண்டு வாரம்கூடத் தாங்காது. எதை நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பாடத்திட்டத்தில் அடுத்த பருவத்துக்கு அடிப்படையான அலகுகளை மட்டும் நடத்துங்கள். மற்றவை வாசிப்புக்குப் போகட்டும். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரக் காணொளிக்கு 450 எம்.பி. செலவாகும். அதே ஒரு மணி நேரம் 32 கிலோபிட் ஒலிப்பதிவாக 15 எம்.பி.க்குள் அடங்கிவிடும். எனவே 10 நிமிடத் துண்டுகளாகக் குரலைப் பதிந்து, கூடவே பக்க எண் போட்ட பி.டி.எஃப். அனுப்புங்கள். நேரலையைச் சந்தேகம் தீர்க்க மட்டும், வாரம் ஒருமுறை வையுங்கள். துறை முழுவதற்கும் தகவல் வழி ஒன்றே இருக்கட்டும். ஆசிரியருக்கு ஒரு செயலி என்றானால் மாணவர் கெடுவைத் தவறவிடுவது உறுதி.

மூன்று மணி நேர இணையத் தேர்வு, மின்சாரம் போன அந்த நிமிடமே செல்லாததாகிவிடும். புத்தகம் பார்த்து எழுதும் தேர்வாக்கி, 24 மணி நேர அவகாசம் கொடுங்கள். வரையறை கேட்காதீர்கள்; ஆளுக்கொரு தரவு கொடுத்து விளக்கம் கேளுங்கள். செய்முறைக்கு முந்தைய ஆண்டுகளின் அளவீடுகளை, பிழையானவற்றையும் சேர்த்தே கொடுக்கலாம். கைப்பழக்கம் மட்டும் இப்படி வராது. அதற்கு வளாகம் திறந்ததும் நான்கைந்து நாள் தொடர் பயிற்சி ஒதுக்குங்கள்.

ஆய்வகத்தில் கேள்வி ஒன்றுதான்: திரும்ப உண்டாக்க முடியாதது எது? செல் வரிசைகள் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள்), மரபுமாற்ற விலங்குகள், நோயாளி மாதிரிகள், இடைவிடாமல் எடுத்துவரும் அளவீடுகள். இவற்றின் நகல்களை வேறொரு கட்டடத்தில் வையுங்கள், அடித்தளத்தில் வேண்டவே வேண்டாம். 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அடித்தள விலங்குக் கூடத்தில் வெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கான எலிகள் இறந்தன.

பாக்டீரியா வகைகளை 15 முதல் 25 சதவீதக் கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில் சேமிக்கலாம். உறைபெட்டியின் காலி இடங்களில் உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்குங்கள். நிறைந்த பெட்டி மெதுவாகத்தான் சூடேறும். மின்தடையில் கதவைத் திறந்து பார்க்க யாருக்கும் கை துறுதுறுக்கும். திறக்காதீர்கள். மாதிரிகளை உறைநிலையில் வைக்கும் தொட்டியில் திரவ நைட்ரஜன் நிரப்பத் தனியாக யாரும் போகக் கூடாது. ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு. மூடிய அறையில் ஆக்சிஜன் குறைவது தெரியும் முன்பே மயக்கம் வந்துவிடும்.

தரவுக்கு மூன்று நகல், இருவகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில். பலர் மறப்பது கடவுச்சொல்லை: ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், அவர் கிடைக்காத நாளில் நகல் இருந்தும் பயனில்லை. ஆய்வகக் கணினியின் பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை அமைப்பு), மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் தொலைவிலிருந்து உள்ளே நுழைய முடியாது.

ஆய்வுக்கான நேர்காணலைத் தொலைபேசிக்கு மாற்றுவதானால், ஆய்வு அறநெறிக் குழுவின் திருத்த ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். முனைவர் பட்ட மாணவர்கள் கால நீட்டிப்பையும் உதவித்தொகை நீட்டிப்பையும் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்பது நல்லது. என்ன மாறியது, ஏன் மாறியது என்று தேதியிட்ட குறிப்பு ஒன்றையும் வைத்திருங்கள். ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்திலும் வாய்மொழித் தேர்விலும் அது கைகொடுக்கும்.