திருகோணமலையில் ஒரு பெண் சொந்தமாக ஊடகம் நடத்த: கணக்கு யாருடைய பெயரில்?

என் முதல் சேனலை நான் என் பெயரில் திறக்கவில்லை. வீடியோ எடிட் பண்ணித் தந்த தம்பி ஒருவர் தன் ஈமெயிலைப் போட்டு பேஸ்புக் பக்கத்தையும் யூடியூப்பையும் திறந்தார், யார் திறந்தால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன். பதினொரு மாதம் மூதூருக்கும் குச்சவெளிக்கும் பஸ்ஸில் அலைந்து எடுத்த வீடியோக்கள் அதில் இருந்தன. ஒரு நாள் காசு விஷயத்தில் மனஸ்தாபம் வந்தது, அடுத்த நாள் விடிய பாஸ்வேர்ட் மாறியிருந்தது. அவ்வளவுதான். என் குரலும் முகமும் இன்றைக்கும் அங்கேயே கிடக்கின்றன, ஒரு எழுத்தைக்கூட என்னால் திருத்த முடியாது.

அதனால்தான் தங்கச்சிமார் வந்து "அக்கா, என்ன கேமரா வாங்கலாம்?" என்று கேட்டால், கேமராவைப் பற்றிக் கதைக்க முதல் நான் கேட்பது, கணக்கு யாருடைய பெயரில் என்பதைத்தான்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஓப்ரா வின்ஃப்ரியை நல்ல பேட்டியாளராக எல்லோருக்கும் தெரியும். 1977இல் பால்டிமோரில் மாலைச் செய்தியிலிருந்து அவரை இறக்கினார்கள். 1984இல் சிகாகோவில் பின்தங்கிக் கிடந்த ஒரு காலை நிகழ்ச்சியைக் கையில் எடுத்தார், 1986இல் அது அமெரிக்கா முழுவதும் போனது. அந்த இடத்தில் வேறு யாராவது நல்ல சம்பளத்தோடு திருப்திப்பட்டிருப்பார்கள். அவர் 1988இல் தன் ஹார்போ நிறுவனத்தின் மூலம் நிகழ்ச்சியின் உரிமையையே வாங்கிவிட்டார். (ஓப்ரா என்பதை ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து வாசித்தால் ஹார்போ.) 2011இல் நிகழ்ச்சி முடியும்வரை அவர் அங்கே வேலை பார்த்தவர் அல்ல, அதன் சொந்தக்காரி.

சரி, நம் ஊரில் இதை எப்படிச் செய்வது? உங்கள் அடையாள அட்டையில் எடுத்த சிம், அந்த நம்பரில் ஒரு புது ஈமெயில், அதில் இரண்டு படி உறுதிப்படுத்தல் (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கிற பூட்டு). போன் தொலைந்தாலும் உள்ளே போக உதவுகிற மாற்றுக் குறியீடுகளை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். எடிட் பண்ணுகிறவருக்கு எடிட்டர் அனுமதி மட்டும் போதும், பாஸ்வேர்ட் சொந்தத் தம்பிக்கும் வேண்டாம். எடுத்த மூல வீடியோக்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம் பிரதேச செயலகம். டவுனில் இருப்பவர்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். வர்த்தகப் பெயரை அங்கே பதியலாம். அடையாள அட்டை, இடத்துக்கான ஆவணம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் என்று சில தாள்கள் கேட்பார்கள், இரண்டு மூன்று முறை நடக்க வேண்டி வரலாம், சலிக்காதீர்கள். அந்தப் பத்திரம் இருந்தால்தான் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், பெரிய இடங்களுக்குப் பில் கொடுக்கலாம்.

இனி கேமரா. கையில் இருக்கும் போன் போதும், முதல் காசை மைக்கில் போடுங்கள். திருக்கடலூரில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவரோடு அரை மணித்தியாலம் கதைத்தேன், வலை கட்டின கடனிலிருந்து மகன் மத்திய கிழக்குக்குப் போனது வரைக்கும் மனம் திறந்து சொன்னார். அது கச்சான் காற்று அடிக்கிற காலம். வீட்டுக்கு வந்து ஹெட்போனைப் போட்டால் முழுக்க 'ஊ' என்ற இரைச்சல், நடுவில் "பிள்ளை, போன வருசம்" என்பது மட்டும்தான் விளங்கியது. ஒரு மனிதர் தன் வாழ்க்கையை என்னிடம் தந்திருக்கிறார், அதை நான் காற்றில் விட்டுவிட்டேன். படம் மங்கினால் சனம் பொறுக்கும், பேச்சு விளங்காவிட்டால் உடனே தள்ளிவிட்டுப் போய்விடும். சட்டையில் குத்துகிற மைக், அதற்கு ரோம உறை, கரையில் என்றால் காற்று எழும்ப முதல் விடியவே போவது அல்லது வள்ளத்தின் மறைவில் ஆளை உட்கார வைப்பது. இவ்வளவையும் அந்த ஒரு காலை எனக்குப் பழக்கியது.

கொழும்புச் செய்தியோடு போட்டி போடாதீர்கள். பெண் என்பதால் உங்களுக்குத் திறக்கிற கதவுகள் இருக்கின்றன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம், கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்துகிற அக்காமார், கிண்ணியாவில் வீட்டிலிருந்தே தைக்கிற பிள்ளைகள். கேமராவோடு ஆண்கள் போனால் அங்கே பேச்சே வராது. ஆனால் முகம் காட்டலாமா என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும், வெட்டி முடித்த வீடியோவைப் போட முதல் அவருக்கே போனில் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், எத்தனை மணித்தியால வேலை போனாலும்.

செய்தியும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்று. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் 2006 ஜனவரி 24 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட ஊர் இது. அந்த மாதம் 2ஆம் திகதி கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் படங்களை எடுத்தவர் அவர். அவர் நடந்த தெருவில்தான் நாமும் நடக்கிறோம், அதனால் கேள்விப்பட்டதை வைத்து வீடியோ போடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். ஒரு வீதி ஏன் பாதியில் நிற்கிறது என்பதற்குப் பத்துப் பேரின் கோபத்தைவிட ஒரு கடிதம் பெறுமதி. கோட்டைக்குள்ளும் துறைமுகப் பக்கமும் படைமுகாம்கள் இருப்பதால் கேமராவை எங்கே திருப்புகிறோம் என்று பாருங்கள், அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடவே வேண்டாம்.

வருமானம்? நீள வீடியோக்களுக்கு யூடியூப் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரரும் 12 மாதத்துக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும், அதற்குப் பிறகும் 100 டொலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். முகவரியைச் சரிபார்க்கிற பின் (PIN) நம்பர் தபாலில் வரும், ஆகவே தபால்காரருக்குத் தெரிந்த முகவரியைக் கொடுங்கள். விளம்பரக் காசை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. எனக்குச் சோறு போடுவது கோயில் திருவிழா நேரலைகளும் (கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் விழித்திருந்து பார்ப்பார்கள்) நிலாவெளி, உப்புவெளி விருந்தினர் விடுதிகளின் வீடியோக்களும்தான். சீசன் தொடங்கின பிறகு போனால் முதலாளிமாருக்குக் கதைக்க நேரமில்லை, மாசி பங்குனியிலேயே போய்க் கேளுங்கள்.

விலை பேசும்போதே ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை நிமிடம், எத்தனை முறை திருத்தம், எப்போது காசு, மூல வீடியோ யாருக்கு. பாதிக் காசு முன்பணம். "தங்கச்சி, நம்ம ஆக்கள்தானே" என்பார்கள், சிரித்துக்கொண்டே பேனையை நீட்டுங்கள்.

இப்போது என்னோடு எடிட் பண்ணுகிற பிள்ளைக்கும் ஒரு தாள் இருக்கிறது. சம்பளம், வேலை நேரம், வீடியோ முடிவில் அவள் பெயர் வர வேண்டும் என்பது எல்லாம் அதில் உண்டு. அவள் தனக்கென்று ஒரு சமையல் சேனல் தொடங்கியிருக்கிறாள், அந்தக் கணக்கு அவளுடைய சிம்மில், அவளுடைய ஈமெயிலில். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது.