சர்வரில் பாதி டிஸ்க்கைக் காணோமா? எல்விஎம்மில் வரப்பைத் தள்ளி வைப்பது எப்படி

உபுண்டு சர்வரை 100 ஜிபி டிஸ்க்கில் நிறுவி, நாலு மாதம் நிம்மதியாக ஓட்டி, ஒரு நாள் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எர்ரர் வந்து, டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் -ஹெச் கட்டளையை அடித்துப் பார்த்தால், ரூட்டுக்கு (சிஸ்டம் குடியிருக்கும் முதன்மைப் பகுதி) மொத்தமே 48 ஜிபி சொச்சம்தான் என்று காட்டும். மீதி எங்கே? எங்கேயும் போகவில்லை. நிறுவும்போது எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துக்கொடுத்து, பிறகு கூட்டிக் குறைக்க உதவும் வசதி) என்ற இடத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும், நாமும் படிக்காமல் அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போயிருப்போம். 20 முதல் 200 ஜிபி வரையுள்ள டிஸ்க் என்றால் இருப்பதில் பாதியைத்தான் ரூட்டுக்குக் கொடுக்கும், 200-ஐத் தாண்டினால் 100 ஜிபி மட்டும். மற்றதை ஒதுக்காமல் வைத்திருக்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது சர்வர் வாடகைக்கு விட்டவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன், பாவம் அவர்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டு என்று பொருள்) வேண்டும்.

எல்விஎம்மில் மூன்று பெயர்கள் வரும், அதில்தான் எல்லோரும் குழம்புவார்கள். பிவி என்பது துண்டு நிலம், அதாவது ஒரு டிஸ்க் அல்லது பார்ட்டிஷன். துண்டுகளைச் சேர்த்து ஒரே பட்டாவாகப் போட்டால் அது விஜி. அந்த நிலத்துக்குள் வரப்பு கட்டிப் பிரித்த வயல்தான் எல்வி. வயலில் நட்ட பயிர் ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் அமைப்பு. வரப்பைத் தள்ளி வைத்துவிட்டால் பயிர் தானாகப் பரவிவிடாது, புது இடத்திலும் நட வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் எல்வி பெரிதாகியும் டிஎஃப்பில் பழைய அளவே வருகிறதே என்று தலையைச் சொறிகிறார்கள்.

முதலில் பேக்கப். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஒரு ஸ்னாப்ஷாட் போதும். அப்புறம் விஜிஎஸ் என்று அடியுங்கள். கடைசிப் பத்தி விஃப்ரீ, அதாவது இன்னும் யாருக்கும் கொடுக்காத இடம். அங்கே 49 ஜிபி இருந்தால் உங்கள் வேலை ஒரே வரியில் முடிந்தது:

எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +20ஜி /டெவ்/உபுண்டு-விஜி/உபுண்டு-எல்வி

இதில் ஆர் சின்ன எழுத்து, எல் பெரிய எழுத்து. அந்த ஆர்தான் பயிரையும் சேர்த்து நடுகிறது, ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 வகை ஆனாலும் எக்ஸ்எஃப்எஸ் வகை ஆனாலும். சர்வரை நிறுத்த வேண்டாம், ஓடும்போதே வளரும். எல் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டு +100%ஃப்ரீ என்றால் (இந்த ஃப்ரீ முழுக்கப் பெரிய எழுத்தில்) மிச்சமிருக்கும் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் பாதிப் பேர் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு டேட்டாபேஸுக்குத் தனியாக ஒரு எல்வி வேண்டுமென்றால் எங்கே போவீர்கள்? தேவைப்படும்போது 20, 20 ஆகக் கூட்டுங்கள்.

அந்த + குறியைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டு வெறும் 20ஜி என்று அடித்தால் மொத்த அளவே 20 ஆக வேண்டும் என்று பொருள். எல்விஎக்ஸ்டெண்ட் நல்ல பிள்ளை, இருப்பதைவிடச் சிறிதாக இருக்கிறது, முடியாது என்று மறுத்துவிடும். எல்விரீசைஸ் அப்படியல்ல, அது குறைக்கவும் செய்யும், நடுவில் ஒரு எச்சரிக்கை கேட்கும், அவசரத்தில் நாமும் ஒய் என்று தட்டிவிடுவோம். அதனால் புதியவர்கள் எல்விரீசைஸ் பக்கமே போக வேண்டாம்.

சரி, விஃப்ரீ 0 என்று இருந்தால்? இரண்டு வழி. புது டிஸ்க் மாட்டினால், எல்எஸ்பிஎல்கே அடித்து அதன் பெயரைப் பாருங்கள், எஸ்டிபி என்று வைத்துக்கொள்வோம். அது காலியானதுதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு பிவிகிரியேட் /டெவ்/எஸ்டிபி, பிறகு விஜிஎக்ஸ்டெண்ட் உபுண்டு-விஜி /டெவ்/எஸ்டிபி. இப்போது விஃப்ரீயில் இடம் தெரியும், மேலே சொன்ன வரியை அடிக்கலாம். ஆனால் ஒரே எல்வி இரண்டு டிஸ்க்கில் பரவியிருக்கும்போது ஒன்று செத்தாலும் அந்த எல்வி போச்சு.

இன்னொரு வழி, விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கையே வெளியிலிருந்து பெரிதாக்குவது. உள்ளே பார்ட்டிஷன் பழைய அளவிலேயே நிற்கும். க்ரோபார்ட் /டெவ்/எஸ்டிஏ 3 என்று அடியுங்கள், 3 என்பது பார்ட்டிஷன் எண், அதற்கு முன்னால் இடைவெளி உண்டு. அடுத்து பிவிரீசைஸ் /டெவ்/எஸ்டிஏ3, இங்கே இடைவெளி கிடையாது. பிறகு அதே எல்விஎக்ஸ்டெண்ட். டிஸ்க் 100% நிறைந்திருந்தால் க்ரோபார்ட்டே ஓடாது, அதற்கும் டெம்ப் ஃபோல்டரில் கொஞ்சம் இடம் வேண்டும். பழைய லாக் ஃபைல் இரண்டை அழித்துவிட்டு வாருங்கள்.

கூட்டுவதைப் பற்றி இவ்வளவுதான். குறைப்பது வேறு கதை. எக்ஸ்எஃப்எஸ்ஸைக் குறைக்கவே வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், ரெட் ஹாட் லினக்ஸ் 7 முதல் அதில் இயல்பாக வருவது இந்த எக்ஸ்எஃப்எஸ்தான். பேக்கப் எடுத்து, சிறிய எல்வி செய்து, திரும்பக் கொட்ட வேண்டும். எக்ஸ்ட்4 குறையும், ஆனால் அன்மவுண்ட் செய்த (சிஸ்டத்திலிருந்து கழற்றிய) பிறகுதான், ரூட் என்றால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்துதான். முதலில் ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் அடித்து ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்து, அடுத்து ரீசைஸ்2எஃப்எஸ்ஸால் பயிரைச் சுருக்கி, கடைசியாகத்தான் எல்விரெட்யூஸ். நான் ஒரு சோதனை சர்வரில் வரிசையை மாற்றி எல்விரெட்யூஸை முதலில் அடித்தேன். விளைந்து நிற்கும் பயிருக்கு நடுவே வரப்பு போட்ட கதை. ரீபூட் செய்ததும் ஹோம் மவுண்ட் ஆக மறுத்தது.

உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் அந்த எல்வியில் எதையும் எழுதாதீர்கள், ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகேவும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் இருந்த வரைபடத்தை எல்விஎம் /ஈடிசி/எல்விஎம்/ஆர்க்கைவ் ஃபோல்டரில் எழுதி வைத்திருக்கும். விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் கட்டளைக்கு அந்த ஃபைலைக் கொடுத்தால் வரப்பு பழைய இடத்துக்கே திரும்பும். விட்டுப்போன இடத்தில் அதற்குள் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால் பயிரும் அப்படியே இருக்கும். எனக்கு இருந்தது.