மடி இறக்கியதும் திணறும் என்ஜின்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் ஒரே வகையான புகார் மீண்டும் மீண்டும் எழுவதைப் பார்க்கலாம். துறைமுகத்தில் என்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகிறது, வெறும் படகாக ஓடும்போது குறை ஏதும் தெரிவதில்லை, ஆனால் மடியை (இழுவலையை) இறக்கி அதன் கம்பி வடம் இறுகிய சிறிது நேரத்தில் என்ஜினின் சுற்று நிமிடத்துக்கு 1,600-லிருந்து 1,300-க்கு இறங்கி, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு தள்ளினாலும் ஏற மறுக்கிறது. இந்நிலையில் பெரும்பாலான உரிமையாளர்கள் எடுக்கும் முதல் முடிவு ‘பம்ப் போய்விட்டது’ என்பதாகும். சிலிண்டர்களுக்கு டீசலை அளந்து அழுத்தத்தோடு அனுப்பும் பம்பைத்தான் சொல்கிறார்கள். பம்ப் கழற்றப்பட்டு, பெரும் செலவில் காலிபிரேஷன் (டீசல் அளவைச் சரிபார்த்துச் சீராக்குதல்) செய்யப்பட்டு, திரும்பப் பொருத்தப்பட்ட பிறகும் படகு அப்படியே திணறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இக்கட்டுரையில் நான் சொல்லும் வரிசையில் பம்ப் கடைசிக்குச் சற்று முன்னால்தான் வருகிறது.

நியூட்ரலில் முழு ரேஸ் கொடுத்துப் பார்த்து என்ஜின் நலமாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. புரொப்பல்லர் விழுங்கும் திறன் ஏறத்தாழ சுற்றின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே வெறும் படகாக 80 சதவீதச் சுற்றில் ஓடும்போது முழுச் சுற்றுக்குத் தேவையானதில் பாதித் திறனே போதுமானதாக இருக்கிறது. மடி இழுக்கும்போதோ படகு மிக மெதுவாக நகர்வதால், அதே சுற்றிலும் புரொப்பல்லர் கூடுதல் சுமையைத் தருகிறது. எண்ணெய்க் கணக்கில் பார்த்தால், 100 குதிரைத்திறன் என்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் டீசல் குடிக்கும். நியூட்ரலில் அதில் சிறு பங்கே செலவாகும் என்பதால், பாதி அடைபட்ட குழாயும் அதற்குப் போதும்.

ஆகவே முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றே: என்ஜின் பலம் குறைந்ததா, அல்லது சுமை கூடியதா? இதற்குப் புகைபோக்கியைப் பார்ப்பதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. சுமை ஏறும்போது சுற்று குறைவதை, சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உணர்ந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் ராக்கை முழு அளவுக்குத் தள்ளுகிறது. அப்போது சிலிண்டருக்குள் போதிய டீசல் சென்று, அதற்கு ஈடான காற்று இல்லையென்றாலோ, சுமை என்ஜினின் சக்திக்கு மீறியதாக இருந்தாலோ, கரும்புகை வரும். டீசலே போதுமான அளவு வரவில்லையென்றால் எரிவதற்கு அதிகப்படியாக எதுவும் இராது. என்ஜின் சத்தமின்றி, புகையின்றித் தளர்ந்துபோகும். புகையின்றித் தளர்ந்தால் டீசல் வழியையும், கரும்புகையோடு திணறினால் காற்று, புகைவழி, புரொப்பல்லர், படகின் அடிப்பகுதி ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது. சூடேறிய பிறகும் நீடிக்கும் வெண்புகை, எரியாத டீசலையோ சிலிண்டருக்குள் தண்ணீர் வருவதையோ காட்டுகிறது.

புகை இல்லாத வழக்கை எடுத்துக்கொள்வோம். முதல் வேலைக்கு ஸ்பேனர்கூடத் தேவையில்லை. ஒருவர் வீல்ஹவுஸில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் தள்ள, மற்றொருவர் கீழே பம்பின் லீவர் அதன் இறுதித் திருகைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிளின் வெளிக்குழாயைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் லீவர் முக்கால் தூரத்தில் நின்றுவிடும். லீவர் தொடவில்லையென்றால் கேபிளைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, சீல் வைத்த அந்தத் திருகில் கைவைக்கக் கூடாது.

அடுத்து கேன் சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய 20 லிட்டர் கேனை என்ஜினைவிட உயரமான இடத்தில், புகைக்குழாய்க்குத் தொலைவாக, கவிழாதவாறு கட்டி, உறிஞ்சு குழாயையும் திரும்பு குழாயையும் டேங்கிலிருந்து கழற்றி அதில் விட வேண்டும். திரும்பு குழாயை மறந்தால் கேன் எதிர்பாராத வேகத்தில் காலியாகி, சோதனையே தவறான முடிவைத் தரும். இந்த ஏற்பாட்டுடன் சுமையில் ஓட்டும்போது சக்தி திரும்பிவிட்டால், குற்றம் டேங்கிலிருந்து, டீசலை உறிஞ்சிப் பம்புக்குக் கொடுக்கும் ஃபீட் பம்ப் வரையிலான பகுதியில் இருக்கிறது என்பது உறுதியாகிறது. பம்பும், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலும் தப்பித்தன.

அந்தப் பகுதியில் சந்தேகிக்க வேண்டியவை அதிகமில்லை. இரண்டு மாதம் பாதி காலியாக நின்ற டேங்கில் ஈரம் குளிர்ந்து தண்ணீராகி அடியில் சேர்கிறது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர் வளர்ந்து வழவழப்பான கருங்கசடு உண்டாகிறது. படகு துறைமுகத்தில் அசையாமல் கிடக்கும்வரை கசடும் அசையாது, முதல் அலையிலேயே கலங்கி ஃபில்டரை நோக்கி வந்துவிடும். ஆகவே புதிய ஃபில்டர் போட்டாயிற்று என்பதோடு நிற்காமல், அது எத்தனை மணி நேரத்தில் அடைபடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய ஃபில்டரை அறுத்து, தாளை விரித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. டேங்கின் காற்றுக் குழாய் வண்ணப்பூச்சாலோ குளவிக் கூட்டாலோ அடைபட்டிருந்தாலும் இதே அறிகுறிதான். மூடியைத் திறந்தவுடன் காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் ஐயமில்லை.

ஒரு படகில் இரண்டு வாரம் இந்தக் குற்றத்தைத் தேடினோம். அரை மணி நேரம் மடி இழுக்கும், தளரும். என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பழைய பலத்தோடு ஓடும். ஃபில்டர் இரண்டு முறை மாற்றப்பட்டது, பம்பும் கழற்றப்பட இருந்தது. கடைசியில் டேங்கின் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தபோது உள்ளே கைவிளக்கின் ஒளியில், எண்ணெய் டப்பா மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ரூபாய் நாணய அளவிலான மெல்லிய பிளாஸ்டிக் தாள் மிதப்பதைக் கண்டோம். இழுப்பு அதிகமானதும் குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும், என்ஜின் நின்றதும் விலகிப் போய்விடும். அணைத்து வைத்தால் தானே குணமாகும் குற்றத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது.

காற்றுக் கசிவு வேறு வகை. உறிஞ்சும் பக்கத்தில் உள்ள விரிசலிலிருந்து டீசல் சொட்டுவது அரிது, காற்றுதான் உள்ளே போகும். எனவே வெளியே உலர்ந்திருப்பதை நம்பி அந்த இணைப்பை விட்டுவிடக் கூடாது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் ஒளிபுகும் குழாயை இணைத்துச் சுமையில் ஓட்டினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். தேய்ந்த செம்பு வாஷரும் கடினமாகிப்போன ரப்பர் குழாயுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இனி கரும்புகை. என்ஜின் அறையின் காற்றுத் துவாரங்களின் மேல் வலைகளைக் குவித்து வைப்பது நம் படகுகளில் சாதாரணமாக நடக்கும் காரியம். அறையின் மூடியைத் திறந்துவைத்து ஓட்டும்போது சுற்று ஏறினால், செலவில்லாமல் நோய் தீர்ந்தது. பிறகு ஏர் ஃபில்டர், டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இருந்தால் அதிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குச் செல்லும் குழாயின் கிளாம்புகள், கடைசியாகக் கரி படிந்து குறுகிய சைலன்சர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

காற்று சரியென்றால் சுமையைத் தேட வேண்டும். படகின் அடியில் ஒட்டிய கொட்டலசும் (ஓடுள்ள சிறு கடலுயிர்) பாசியும், புரொப்பல்லர் இலைகளின் விளிம்பில் ஏற்பட்ட வளைவும், தண்டில் சுற்றிய பழைய வலைத்துண்டும் என்ஜினுக்குத் தெரியாமல் அதன் சக்தியைத் தின்கின்றன. தடைக்காலத்தில் புதிய புரொப்பல்லர் மாற்றப்பட்டிருந்தால் அதன் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தூரம்) பழையதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்துப் பொறிப்பைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் இரண்டு அங்குலம் கூடினாலே சுற்று நன்றாக இறங்கும். தண்டு படகைவிட்டு வெளியேறும் ஸ்டெர்ன் ட்யூபில் கடல்நீரைத் தடுக்கும் கிளாண்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் ஓடி நின்றதும் அது கைவைக்க முடியாத சூட்டில் இருக்கும்.

இதற்கு நேர்மாறாக, சுற்று குறையாமல், சில சமயம் கூடவும் செய்து, படகு மட்டும் இழுக்காமல் போனால் கியர் பாக்ஸின் கிளட்ச் நழுவுகிறது என்று ஐயுற வேண்டும். தண்டில் பிரதிபலிக்கும் நாடாவை ஒட்டி, சுற்றை அளக்கும் ஒளிக்கதிர் டாக்கோமீட்டரால் பார்த்தால், 3-க்கு 1 விகிதக் கியரில் என்ஜின் 1,500 ஓடும்போது தண்டு 500 காட்ட வேண்டும். அளப்பவர் கைலியையும் தோள் துண்டையும் கழற்றிவிட்டு, உடலோடு ஒட்டிய உடையுடன்தான் சுழலும் தண்டின் அருகே குனிய வேண்டும்.

இவையனைத்தும் சரியாக இருந்தால் மட்டும் நாசில், பம்ப், வால்வு இடைவெளி, கம்ப்ரஷன் என்று உள்ளே போகலாம். பழைய வகைப் பம்ப் உள்ள என்ஜினில், மெதுவான ஓட்டத்தில் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் துணி சுற்றிச் சிறிது தளர்த்தினால், எந்த சிலிண்டரில் ஓட்டம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போகக்கூடியது என்பதால் விரலை அருகே கொண்டுபோகக் கூடாது. மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலை ஒரே பொதுக் குழாயில் தேக்கிவைக்கும் காமன் ரெயில் என்ஜினில் இச்சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

பழுது நீங்கியதா என்பதைத் துறைமுகத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவந்து முடிவு செய்ய வேண்டாம். குற்றம் தலைகாட்ட முன்பு அரை மணி நேரம் ஆனதென்றால், அதே சுமையில் குறைந்தது ஒரு மணி நேரம் மடி இழுத்துப் பார்த்து, அப்போதைய சுற்றையும் புகையின் நிறத்தையும் வீல்ஹவுஸ் நோட்டில் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். அடுத்த தடைக்காலம் முடிந்து மீண்டும் கடலுக்குப் போகும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டு வரிகள்தான் கையில் இருக்கும்.