பிரான்ட் வாத்தின் இடப்பயன்பாட்டைப் பதிவு செய்யும் முறை

பிரான்ட் வாத்து குளிர்காலத்தை ஆழமற்ற கடலோரக் காயல்களில் கழிக்கும் பறவை. அலாஸ்காவின் இஸெம்பெக் காயலிலும் மெக்சிகோவின் சான் கின்டின் விரிகுடாவிலும் அது கூட்டம் கூட்டமாக வருவது ஜாஸ்டெரா என்னும் கடற்புல்லுக்காகத்தான். மூழ்கி மேயாது, தலையை நீருக்குள் விட்டு, வாலை நிமிர்த்தி, ஏறக்குறைய 40 செ.மீ. ஆழம் வரைதான் புல்லை எட்டிப் பறிக்கும். அதனால் அதன் நாளை வகுப்பது கடலின் ஏற்றவற்றம்.

கடல் மிகத் தாழ்ந்து வற்றும் நேரம் (தாழ்வற்றம்) நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தினமும் காலை 7 மணிக்கே போய் எண்ணினால் ஒரு வாரம் மேய்ச்சலும் மறுவாரம் ஓய்வும் தெரியும். வாத்துகள் இடம் மாறிவிட்டதாக முடிவு கட்டிவிடுவோம். கடல் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையைப் பார்த்து, தாழ்வற்றத்துக்கு 3 மணி நேரம் முன்பு தொடங்கி 3 மணி நேரம் பின்புவரை இருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய வற்றம், அஷ்டமியை ஒட்டிய சிறிய வற்றம் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

காயலின் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரியுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, 20–60 மடங்கு தொலைநோக்கியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே ஓட்டமாகப் பார்த்து, கட்டவாரியாக மேய்பவை, நீந்துபவை, ஓய்பவை என எண்ணுங்கள். அப்போதைய நீர்மட்டத்தைக் குறிப்பதும் கட்டாயம். மணல்திட்டில் பரல் (சிறு கற்கள்) விழுங்குவதையும் நன்னீர் குடிக்கப் போவதையும் தனியே எழுதுங்கள். உயர் ஓதத்திலும் சில மேயும்: அவை பெரும்பாலும் மிதந்து வரும் அறுந்த இலைகளைத் தின்கின்றன. அதை அடியில் வேரூன்றிய புல்மேய்ச்சலோடு கலக்காதீர்கள். படகோ கழுகோ கூட்டத்தைக் கிளப்பினால் நேரமும் அவை இறங்கிய இடமும் வேண்டும். இல்லாவிட்டால் துரத்தப்பட்ட பறவை விரும்பி இடம் மாறியதாகக் கணக்கில் ஏறிவிடும்.

இரவிலும் மேய்வதுண்டு. அந்நேர நடமாட்டத்தை அறிய, வாத்தின் உடலில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவி உதவும். கருவியின் எடை, அதைக் கட்டும் பட்டையோடு சேர்த்து, உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது: 1,300 கிராம் வாத்துக்கு 39 கிராம். பிடிப்பதும் பொருத்துவதும் அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்கள் வேலை. முதல் சில நாள் நடமாட்டம் இயல்பானதல்ல, ஆய்விலிருந்து நீக்குங்கள்.

கணக்கில்தான் பெரிய பிழை நேர்கிறது. வரைபடத்தில் உள்ள புல் முழுவதையும் ‘கிடைக்கும் உணவு’ என்று எடுத்தால், ஆழமான திட்டுகளை வாத்து வெறுப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது எட்டாத புல். ஒவ்வொரு பதிவு நேரத்துக்கும் நீர்மட்டத்திலிருந்து தரைமட்டத்தைக் கழித்து, அலகுக்கு எட்டும் பரப்பை மட்டும் ஒப்பிடுங்கள். புல் நீளமாக வளர்ந்து நுனி மேலே மிதக்கும் இடங்களில் இந்த ஆழ எல்லையைத் தளர்த்த வேண்டும்.