அம்மாவை மணவறைக்குக் கூட்டி வருவது எப்படி

இலங்கையில் எங்கள் மட்டக்களப்புப் பக்கம் அப்பா இல்லாத கலியாண வீடுகள் நிறைய. சண்டையில் போனவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலோடு போனவர்கள். அந்த வீடுகளில் தாலி கட்டும் நேரம் அம்மா எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். குசினிக்குள் நிற்பார். கல்லடியில் என் அக்காவின் கலியாணத்தில் எங்கள் அம்மாவும் அப்படித்தான் நின்றார். மாமாவும் மாமியும் தாரை வார்த்தார்கள். இடியப்பம் அவித்து விற்று, சீட்டுப் போட்டு, அக்காவுக்குச் சீதன வீடு கட்டிக் கொடுத்தது அம்மா. என் கலியாணத்தில் இதை மாற்றினோம். நீங்களும் மாற்ற நினைத்தால், நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் மாப்பிள்ளையும் நீங்களும் ஒரே பேச்சில் நில்லுங்கள். அவர் வீட்டாரிடம் அவரே சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

அடுத்தது அம்மா. கடினமான இடம் இதுதான். "என்ட ராசி உனக்கு வேணாம் மகள்" என்றார் அம்மா. வாதாடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் பதிவில் தொடங்கினேன். விவாகப் பதிவுக்குச் சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவராக அம்மாவைப் போட்டேன். பதிவாளரிடம் விவாக அறிவித்தல் கொடுத்து 12 நாள் கழித்துத்தான் பதிவு செய்யலாம், அவசரமென்றால் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதனால் பதிவைக் கலியாணத்துக்கு முன்பே தனியாக வைத்துவிடுங்கள். அம்மா கையெழுத்து வைத்ததைச் சொந்தக்காரர் எல்லோரும் கண்டார்கள். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

மாமாவுக்கு ஊரார் வாயால் செய்தி போகக் கூடாது. வெற்றிலைத் தட்டோடு நீங்களே போங்கள். அவருடைய இடத்தைப் பறிக்காதீர்கள். "அம்மாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கோ மாமா" என்றுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அக்காவுக்குச் சாறி நான் எடுக்கிறன்" என்றார். அவர் அக்கா என்றது எங்கள் அம்மாவை.

ஐயரிடம் முற்பணம் கொடுக்க முன் கேளுங்கள். முதலில் கேட்டவர் முடியாது என்றார். மனம் நொந்தது, ஆனாலும் பந்தலுக்குள் வந்து மறுப்பதைவிட அது நல்லது. இரண்டாவது ஐயர் சம்மதித்தார். தாரை வார்க்க யார் நிற்பது, தாலித் தட்டு யாரிடம் முதலில் போவது என்று அவரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.

சாறி நிறத்தை அம்மாவே தெரிவு செய்யட்டும். எங்கள் அம்மா இளம்பச்சை எடுத்தார். பொட்டு வைக்கவில்லை; அது அவருடைய விருப்பம், வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம், அன்றைக்கு அம்மாவோடு நிற்க ஒருவரை ஒழுங்கு பண்ணுங்கள். மறந்துவிடாதீர்கள். தேங்காய்க்கு மேல் தாலி வைத்த தட்டை ஆசிக்காக அம்மாவிடம் முதலில் கொண்டுபோனபோது அவர் விரல் நடுங்கி அரிசி சிந்தியது. இரண்டு தரம் குசினிப் பக்கம் திரும்பினார். என் மச்சாள் அவர் முழங்கையைப் பிடித்தபடியே நின்றாள், மூன்றாவது முடிச்சு விழும்வரை.