அமெரிக்க வேலையின்மை கிளைம் வரைபடம்: நீங்களே போடுவது எப்படி (தேதித் தகராறு உட்பட)

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறை ஓர் எண்ணை வெளியிடும். அங்கே குளிர்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் நமக்கு ஏழு மணி; அவர்களுக்கு எப்போதும் காலை எட்டரை. முந்தைய சனிக்கிழமையோடு முடிந்த வாரத்தில், வேலை போய், காப்பீட்டுத் தொகை கேட்டுப் புதிதாக வந்த விண்ணப்பங்கள் (இவைதான் கிளைம்) எத்தனை என்பதுதான் அந்த எண். அடுத்த பத்து நிமிடத்தில் "எகிறியது", "சரிந்தது" என்று தலைப்புகள் வரிசை கட்டும்.

அமெரிக்க வாடிக்கையாளருக்கு வாரா வாரம் போகும் மெயிலில் இந்த எண்ணின் வரைபடத்தைச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் முயற்சியில், நடக்கவே நடக்காத ஒரு பேரழிவை வரைந்து வைத்திருந்தேன். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மற்ற படிகள் எல்லாம் சுலபம்.

படி 1: எந்தத் தொடர்?

செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் ஃப்ரெட் தளத்துக்குப் போங்கள். தேடும் இடத்தில் ஐசிஎஸ்ஏ என்று (ஆங்கில எழுத்துகளில்தான்) தட்டினால் 1967 முதல் இன்று வரை வாரக் கணக்கு வரும். டவுன்லோடு பொத்தானில் சிஎஸ்வி (எந்த ஷீட்டிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தது.

பக்கத்திலேயே ஐசிஎன்எஸ்ஏ என்று ஒன்று நிற்கும். பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல், ஆனால் அது பருவத் திருத்தம் (ஆண்டுதோறும் அதே சமயத்தில் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழிப்பது) செய்யாத கச்சா எண். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு எடுத்த தற்காலிக ஆட்களைக் கடைகள் ஜனவரியில் அனுப்பிவிடும். குளிரில் கட்டட வேலையும் நிற்கும். அதனால் ஜனவரி முதல் இரண்டு வாரங்களில் கச்சா எண் குதிக்கும். 2020 ஜனவரியில் கச்சா எண் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதே வாரத்தின் திருத்திய எண் இரண்டு லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது. ஜூலையிலும் கார் தொழிற்சாலைகள் புது மாடலுக்காக மூடும்போது இதே கதைதான். புதிதாகத் தொடங்குபவர்கள் திருத்திய எண்ணையே எடுங்கள்.

படி 2: தேதி

ஃப்ரெட்டோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும். "மூலத்திலிருந்தே எடுப்போமே" என்ற வீம்பில் தொழிலாளர் துறையின் பக்கத்துக்கே போய், 2020-க்கான தேசிய அட்டவணையைக் காப்பி செய்து ஷீட்டில் ஒட்டினேன்.

வரைபடத்தில் 2020 ஏப்ரல் 4 அன்று பெரிய சிகரம். சரிதான், கொரோனா ஊரடங்கின் உச்சம் அந்த வாரம்தான். ஆனால் நவம்பர் 4 அன்று ஐம்பது லட்சத்தை ஒட்டி இன்னொரு சிகரம் நின்றது. அதிபர் தேர்தலுக்கு மறுநாள்! தேர்தலையும் வேலையிழப்பையும் முடிச்சுப் போட்டு மெயிலில் இரண்டு வரிகூட எழுதிவிட்டேன். அனுப்பவில்லை, அதுவரை தப்பித்தேன். பிப்ரவரி 5-இல் ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்ததுதான் உறுத்தியது. அப்போது அங்கே ஊரடங்கே வரவில்லையே?

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்தில் தேதி மாதம்/நாள்/ஆண்டு என்ற வரிசையில் இருக்கும். என் ஷீட் இந்திய அமைப்பில் இருந்தது, நாள்/மாதம்/ஆண்டு என்று படித்தது. 04/11/2020 என்பது அவர்களுக்கு ஏப்ரல் 11, என் ஷீட்டுக்கு நவம்பர் 4. 05/02/2020 என்பது மே 2. ஷீட் அதைப் பிப்ரவரி 5-இல் கொண்டுபோய் வைத்துவிட்டது. 03/21, 03/28 போன்றவற்றுக்கு இருபத்தோராவது, இருபத்தெட்டாவது மாதம் கிடையாதே, அதனால் அவை தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாகத் தங்கி, வரைபடத்திலிருந்து காணாமல் போயின. என்னை ஏமாற்றியது 04/04. எப்படிப் படித்தாலும் அது ஏப்ரல் 4-தான். உச்ச வாரம் சரியான இடத்தில் நின்றதால் மற்றதும் சரி என்று நம்பிவிட்டேன்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இந்தத் தரவில் ஒவ்வொரு தேதியும் சனிக்கிழமையாக இருக்க வேண்டும். பக்கத்து நெடுவரிசையில் வீக்டே ஃபார்முலா (கிழமையை எண்ணாகத் தரும்; ஞாயிறு 1, சனி 7) போட்டு இழுங்கள். எல்லா வரியிலும் 7 வர வேண்டும். நவம்பர் 4 புதன்கிழமை. என் ஷீட்டில் 4 வந்தது. எழுத்தாகத் தங்கிய தேதிகள் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்கும், உண்மையான தேதிகள் வலது ஓரம். அதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சரிசெய்ய: கூகுள் ஷீட்டில் ஒட்டுவதற்கு முன்பே ஃபைல், செட்டிங்ஸ் போய் லொக்கேலை (எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்கா என்று மாற்றுங்கள். ஒட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை. ஏற்கெனவே தப்பாகப் படித்த தேதிகள் அப்படியே இருக்கும். என் ஓட்டு லிப்ரே ஆஃபீஸ் கால்க்குக்கு. பேஸ்ட் ஸ்பெஷலில் வெறும் எழுத்தாக ஒட்டச் சொன்னால் ஒரு பெட்டி திறக்கும். அதில் தேதி நெடுவரிசையைத் தொட்டு மாதம்-நாள்-ஆண்டு என்று நாமே சொல்லிவிடலாம். ஃப்ரெட் சிஎஸ்வியில் ஆண்டுதான் முதலில் வரும், அதில் இந்தத் தொல்லை இல்லை. இந்த நாலு நெடுவரிசைக்குப் பவர் பிஐ, பைத்தான் எல்லாம் தேவையில்லை என்பது என் கட்சி.

படி 3: நான்கு வாரச் சராசரி

நான்காவது வரியிலிருந்து, அந்த வாரத்தையும் முந்தைய மூன்று வாரங்களையும் சேர்த்து ஆவரேஜ் போட்டுக் கீழே இழுங்கள். வரைபடத்தில் இந்தக் கோட்டைத் தடிமனாகவும் வார எண்ணை வெளிர் சாம்பலிலும் வையுங்கள். ஒற்றை வாரத்தை நம்பாதீர்கள். 2017-இல் ஹார்வி புயல் டெக்சாஸைத் தாக்கியபோது ஒரே வாரத்தில் 2,36,000 என்பது 2,98,000 ஆனது. பொருளாதாரம் சரியவில்லை, ஹூஸ்டன் வெள்ளத்தில் கிடந்தது. அவ்வளவே.

படி 4: தொடர் கிளைம்

ஏற்கெனவே விண்ணப்பித்து, இன்னும் தொகை கோருபவர்களின் கணக்கு சிசிஎஸ்ஏ. இது ஒரு வாரம் பின்தங்கி வரும். ஒரே வியாழனன்று இரண்டும் வெளியானாலும் ஒரே வாரத்தைக் குறிக்காது. கண்ணால் பார்த்து ஒட்டாமல், தேதியை வைத்து விலுக்கப் (ஒரு மதிப்பைத் தேடி அதன் வரியிலிருந்து எண்ணை எடுக்கும் ஃபார்முலா) போட்டு இணையுங்கள். புதுக் கிளைம் குறைவாக இருக்கும்போதே தொடர் கிளைம் ஏறினால், வேலை போவது குறைவு, ஆனால் போனவருக்கு அடுத்தது கிடைக்கத் தாமதமாகிறது என்று பொருள். எனக்கு முதல் எண்ணைவிட இதுதான் பிடிக்கும்.

படி 5: 2020-ஐ என்ன செய்வது?

அப்படியே வரைந்தால் ஏப்ரல் உச்சத்தின் அறுபது லட்சம் மற்ற எல்லா ஆண்டுகளையும் தரையோடு தரையாக நசுக்கிவிடும். அதற்கு முந்தைய உச்சமே 1982 அக்டோபரின் 6,95,000-தான். 2020-ஐ நீக்காதீர்கள், அது ஏமாற்று. மொத்த வரலாற்றுக்கு லாக் அளவுகோலில் (ஒவ்வொரு படியும் பத்து மடங்காக ஏறும் அளவுகோல்) ஒன்று, 2022 முதல் சாதாரண அளவுகோலில் ஒன்று என இரண்டு வரைபடம் போடுங்கள்.

கருத்துப் பெட்டியில் வந்தவை

"செய்தியில் வந்த எண்ணும் ஃப்ரெட்டில் இருப்பதும் பொருந்தவில்லை" என்றார் ஒருவர். பொருந்தாது. வியாழன் வருவது முதற்கட்ட எண், அடுத்த வாரமே திருத்துவார்கள். ஆண்டுக்கொருமுறை பருவக் காரணிகளையும் மாற்றுவார்கள், பழைய ஐந்து ஆண்டுகள் சேர்ந்து நகரும். 2020 மார்ச் 26 அன்று அறிவித்தது 32,83,000. இன்று அதே வாரத்துக்கு ஃப்ரெட்டில் இருப்பது அதைவிடச் சிறிய எண். அன்றைய எண்ணே வேண்டுமென்றால் ஆல்ஃப்ரெட் என்ற தம்பித் தளம் இருக்கிறது.

மாநில வாரியாகக் கேட்டவர்களுக்கு: மாநிலத் தொடர்கள் கச்சா எண்கள். ஆகவே போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள், 52 வரி மேலே போய்ச் சென்ற ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். "நான் 520 வரி மேலே போனேன், பண்டிகை வாரங்கள் விலகுகின்றன" என்று ஒரு தோழி எழுதினார். சரியான பிடி. 2022-இல் 53 சனிக்கிழமைகள். இப்படி அவ்வப்போது ஒரு வாரம் கூடும். பத்தாண்டு தாண்டினால் வரியை எண்ணாமல் தேதியைத் தேடுங்கள். தொழிலாளர் துறையின் மாநில அட்டவணையில் தேதி நெடுவரிசையே இரண்டு இருக்கும்: புதுக் கிளைமுக்கு ஒன்று, தொடர் கிளைமுக்கு ஒன்று.

"என் தம்பி எச்1பி-யில் இருந்தான், வேலை போனது, அவன் இதில் வருவானா?" பெரும்பாலும் வர மாட்டார். உடனே வேறு எந்த வேலையிலும் சேரத் தயாராக இருப்பவருக்குத்தான் தொகை, அந்த விசாவில் அது சிக்கல். ஐடி ஆட்குறைப்புச் செய்தி பெரிதாக இருந்தும் இந்தக் கோடு அசையாமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிற்சேர்க்கை: ஃப்ரெட் சிஎஸ்வியில் முதல் நெடுவரிசையின் தலைப்பு மாறிவிட்டது. பழைய பெயரை வைத்து ஃபார்முலா எழுதியவர்கள் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசு முடங்கியிருந்தபோது வியாழன் அறிக்கை வரவில்லை. அந்த நாட்களில் ஷீட்டைப் புதுப்பித்தவர்கள் காலி வரிகளைப் பூஜ்யம் என்று நிரப்பியிருந்தால் அழித்துவிட்டு, கோப்பை முழுதாக மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள். வீக்டே சோதனையையும் இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள்.