ட்ரெட்மில்லா, சைக்கிளா, எலிப்டிகலா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் இதயத்துக்கும் மூச்சுக்கும் பயிற்சி தரும் எந்த கார்டியோ மெஷின் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், முழங்கால் எப்படி இருக்கிறது, வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, கீழ் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்பேன். எத்தனை கலோரி எரியும் என்பதெல்லாம் அப்புறம். திரையில் வரும் கலோரி எண்ணை நம்பி மெஷினைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பல மெஷின்களில் அது கூட்டித்தான் காட்டும்.

நடக்கப் பிடித்தவர்களுக்கு ட்ரெட்மில்தான் சரி. ஆனால் ஏமாறுவதும் இதில்தான் அதிகம். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 4 எச்பி (குதிரைத்திறன்), 5 எச்பி பெரும்பாலும் மோட்டார் கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் உச்ச அளவு, அதனால் தொடர்ந்து ஓடும்போது எத்தனை எச்பி என்று கேட்டு வாங்குங்கள். நடைக்கு 2 போதும், தினமும் ஓடுவதென்றால் 3 பக்கம் போங்கள். பெல்ட் அகலம் நடைக்கு 40 செ.மீ. சமாளிக்கும், ஓடுவதற்கு 50 செ.மீ. இருந்தால்தான் கால் ஓரத்தில் படாது. எடை வரம்பு உங்கள் எடையைவிட 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் உழைப்பு குறைந்துவிடும், பிடிக்காமல் நடக்க முடிகிற வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலை முடிந்ததும் சேஃப்டி கீயை (இது இல்லாமல் பெல்ட் ஓடாது) எடுத்து மறைத்து வையுங்கள், ஓடும் பெல்ட்டில் பிஞ்சு விரல் மாட்டினால் தோலே உரிந்துவிடும். இதில் அலட்சியமே கூடாது.

முழங்கால் வலியா, சின்ன வீடா? சைக்கிள். காந்தத் தடை உள்ளதை, அதாவது பெடலின் இறுக்கத்தைக் காந்தத்தால் கூட்டிக் குறைப்பதை எடுத்தால் சத்தம் மிகக் குறைவு. பக்கத்தில் நின்று பார்த்தால் சீட் இடுப்பெலும்பு உயரத்தில் இருக்க வேண்டும், பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டிவிட்டு மூட்டு வலிக்கிறது என்பவர்கள் நிறைய. முதுகு வலி உள்ளவர்கள் சாய்ந்து உட்காரும் வகையைப் பாருங்கள்.

எலிப்டிகல் என்பது நின்றபடியே பெடலை நீள்வட்டமாக மிதிக்கும் மெஷின். இதில் கால் பெடலைவிட்டு எழும்பாது, அதனால் மூட்டில் அடி விழாது, கையும் சேர்ந்து உழைக்கும். விலை குறைந்தவற்றில் காலடி நீளம் மிகக் குறைவு, உயரமானவர்களுக்கு நின்ற இடத்தில் குதிப்பது போலிருக்கும்; 18 அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏறி நின்றால் தலை சீலிங் ஃபேன் பக்கம் போகும், அதையும் அளந்துவிடுங்கள்.

படகில் துடுப்புப் போடுவது போல இழுக்கும் ரோயிங் மெஷின் கால், முதுகு, கை எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கும், ஆனால் 8 அடி நீளம் வேண்டும். முதலில் காலால் தள்ளி, பிறகு உடம்பைச் சாய்த்து, கடைசியாகக் கையை இழுக்க வேண்டும். டிஸ்க் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பணம் போடும் முன் ஒரு மாதம் ஜிம்முக்குப் போய் எல்லாவற்றிலும் ஏறிப் பாருங்கள். யாரும் சொல்லாமலே எந்த மெஷினை நோக்கிப் போகிறீர்களோ அதை வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது, பிடிக்காத மெஷினில் அதைச் செய்யவே முடியாது. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது, அவ்வளவுதான். பிபிக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித் துடிப்பு குறைவாகவே இருக்கும், அவர்கள் திரையில் வரும் துடிப்பு எண்ணை விட்டுவிட்டு இந்தப் பேச்சுக் கணக்கையே பார்க்கலாம்.

கடைசியாக, மெஷின் பழுதானால் உங்கள் ஊருக்கு வந்து பார்க்க ஆள் இருக்கிறாரா, மோட்டாருக்கும் போர்டுக்கும் எத்தனை வருட வாரண்டி என்பதை பில் போடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.